கோபித்துக்கொண்டு போன குரல்

"ஓயார்ஸ், சுருதி இறங்குது. மறுபடி பாடுங்க."

மறுபடி பாடினார்.

"இப்பவும் இறங்குது. வீட்டுல பாடிப் பாக்கறதே இல்லையா?" என்றார் விஸ்மா டீச்சர். கல்னாயி ஊர்ப் பாடகர் குழுவை நடத்துபவர். "இஷ்டம் இல்லைன்னா கதவு திறந்துதான் இருக்கு."

ஓயார்ஸ்தான் அந்தக் குழுவின் அடித்தளம். அவருடைய கனத்த கீழ்க்குரல்மேல்தான் மற்றக் குரல்கள் எல்லாம் நிற்கும்.

அவர் பாட்டுத் தாள்களைச் சேர்த்து நாற்காலியில் வைத்துவிட்டு, கலையரங்கத்தை விட்டுப் பனியில் இறங்கி நடந்தார்.

"ரெண்டு நாள்ல வந்துடுவான்," என்றார் ஹரால்ட்ஸ். பள்ளிக்கூட நாளிலிருந்து ஓயார்ஸுக்குப் பக்கத்திலேயே நின்று பாடுகிறவர்.

வரவில்லை. அடுத்த வாரம் பக்கத்து ஊர் சிலேனியின் குழுவில் சேர்ந்துவிட்டதாகச் செய்திதான் வந்தது.

"சிலேனியிலயா? போயும் போயும் அவங்ககிட்டயா?" என்றார் ஹரால்ட்ஸ்.

அந்த ஊருக்கும் கல்னாயிக்கும் பாட்டில் எப்போதும் போட்டி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தலைநகர் ரீகாவில் நடக்கும் பாட்டுப் பெருவிழாவுக்குப் போக, ஒவ்வொரு குழுவும் நடுவர்கள் முன்னால் பாடித் தேற வேண்டும். சிலேனியில் ஆண் குரலுக்குப் பஞ்சம். ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவர் அயர்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டார். இந்த முறை அவர்கள் தேறப்போவதில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஓயார்ஸ் வந்ததும் சிலேனிக்காரர்கள் தேறிவிட்டார்கள். கல்னாயியும் தேறியது. ஆனால், வழக்கமாக வாங்கும் முதல் நிலை கைவிட்டுப் போய், இரண்டாம் நிலைதான் கிடைத்தது.

அதன்பிறகு கடையில் ஓயார்ஸைப் பார்த்தால் ஊர்க்காரர்கள் ரொட்டி எடுக்கிற சாக்கில் முதுகைக் காட்டினார்கள். ஜூன் மாத யானி பண்டிகையன்று நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, ஹரால்ட்ஸ் கொடுத்துக்கொண்டு வந்த சீஸ் தட்டு அவரைத் தாண்டிப் போனது.

விஸ்மா டீச்சர் மட்டும் அவரைப் பற்றிப் பேசவே விடவில்லை. "போனவர் பேச்சு எதுக்கு? பாடுங்க," என்பார்.

ஜூலையில் ரீகாவுக்குப் போனார்கள். காட்டு நடுவே இருக்கும் பெரிய மேடையில் ஒத்திகை. அங்கே ஊர் பார்த்து நிறுத்துவதில்லை, குரல் பார்த்துத்தான். ஹரால்ட்ஸ் திரும்பினால், பக்கத்தில் ஓயார்ஸ்.

"இங்கயாவது சுருதி சேருமா?"

ஓயார்ஸ் பாட்டுத் தாளைப் புரட்டினார்.

"துரோகம் பண்ணினா தொண்டை கட்டாதுபோல."

"பாடலாம் ஹரால்ட்ஸ். நடத்தறவர் கையைத் தூக்கிட்டார்."

ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒன்றாகத் திறந்தன. ஹரால்ட்ஸ் வேண்டுமென்றே விலகித்தான் பாடினார். இரண்டாவது வரியிலேயே அவர் குரல் அந்தப் பழைய குரலோடு போய் ஒட்டிக்கொண்டது. அது வேறு அவருக்கு எரிச்சல்.

ஒத்திகை முடிந்ததும் எல்லோருக்கும் சூப் கொடுத்தார்கள். மர நிழலில் விஸ்மா டீச்சரும் ஹரால்ட்ஸும் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தபோது, சிலேனி குழுவை நடத்தும் சர்மீத்தே வந்தார். கையில் ஒரு டெய்சிப் பூங்கொத்து.

ஹரால்ட்ஸ் எழுந்து குறுக்கே நின்றார். "என்ன, இன்னும் ஆள் பத்தலையா? நான் வரணுமா?"

சர்மீத்தே அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பூக்களை நீட்டினார்.

"உங்க ஆளை எங்களுக்குக் கொடுத்து வச்சதுக்கு ரொம்ப நன்றி விஸ்மா."

"நான் எங்க கொடுத்தேன்? திட்டித் துரத்தினேன். அவரா உங்ககிட்ட வந்தார்."

"ஆள் அனுப்பட்டுமான்னு போன்ல கேட்டீங்க. பிச்சை வேணாம்னு சொல்லிட்டு வச்சுட்டேன். அடுத்த வாரமே உங்க குழுவோட முக்கியமான குரல் சண்டை போட்டுட்டு எங்க வாசல்ல வந்து நிக்குது."

விஸ்மா சூப்பைக் கலக்கினார்.

"அவருக்கு ஆறுதலா இருக்கட்டுமேன்னு எங்க பொம்பளைங்க உங்களைக் கொஞ்சம் திட்டினாங்க. மனுஷன் எழுந்துட்டார். டீச்சரைப் பத்திப் பேசினா நான் கெளம்பறேன்னார். கோபிச்சிக்கிட்டு வந்தவர் பேசற பேச்சா அது?"

ஹரால்ட்ஸ் டீச்சரைப் பார்த்தார். "அப்ப, அன்னைக்கு சுருதி இறங்கினது?"

"அதுக்குத்தான் ரொம்பப் பாடுபட்டார் பாவம். தப்பாப் பாட அவருக்கு வரவே இல்லை."

"நம்ம முதல் நிலை போச்சே டீச்சர்."

"போகட்டும். ஒரு ஊரே வராமப் போயிருக்குமே."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். அவனை நான் பேசாத பேச்சு இல்லை."

"உங்களுக்கு மறைக்கத் தெரியாது ஹரால்ட்ஸ்."

சூப் வரிசையின் கடைசியில் ஓயார்ஸ் தனியாக நின்றிருந்தார். ஹரால்ட்ஸ் கிண்ணத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரை நோக்கிப் போனார்.

விஸ்மா பூக்களை மடியில் வைத்துக்கொண்டார். "ஓயார்ஸ் வந்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிடுவீங்க. ரோஷத்துக்கு நான் அவரைத் திருப்பி அனுப்பணும்." சர்மீத்தே மேடையைப் பார்த்தார். "எங்க ஊரும் இங்க நிக்கணும்னு ஆசையா இருந்துச்சு விஸ்மா. அதான் ஏமாந்த மாதிரியே இருந்துட்டேன்."