பைப்பில் அடைப்பு

கடிகாரக் கடைக்காரர் இன்று ஒரு கடிகாரத்தையும் தொடவில்லை. மேசை விளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள் அவர் புகை பிடிக்கும் மரப் பைப் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. தண்டுக்குள் மெல்லிய கம்பியை விட்டு ஆட்டுகிறார். மறுமுனையில் அது பளபளவென்று எட்டிப் பார்க்கிறது. துண்டுகளைப் பொருத்தி உறிஞ்சுகிறார். காற்றே வரவில்லை. “எல்லாம் உன்னாலதான்! இதப் போயி சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி…” என்று மனைவியிடம் எரிந்து விழுந்தவர், பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் கத்துகிறார்: “யாருடி கேட்டா? மரம் ஊறி ஓட்டையே அடைச்சுப்போச்சு!” சுவர்க் கடிகாரங்கள் தம்பாட்டுக்கு டிக் டிக்கென்கின்றன. அவள் கையிலிருந்த துடைப்புத் துணியை வீசி எறிகிறாள். “கழுவுனது போன மாசம். இன்னுமா ஊறிக்கிட்டிருக்கு? குடுங்க இங்க!” பைப்பைப் பிடுங்கி, தண்டில் வாய் வைத்து ஒரே ஊது ஊதுகிறாள். புகையிலை அடைக்கும் கிண்ணத்திலிருந்து சாம்பல் குபுக்கென்று கிளம்பி அவருடைய மூக்குக்கண்ணாடியிலும் சட்டையிலும் படிகிறது. “இதுலயா அடைப்பு? சொல்லுங்க, இதுலயா?” அவர் பைப்பைத் திரும்பப் பறிக்கிறார். கழுத்து நரம்பு புடைக்க, முகம் கறுக்க ஊதுகிறார். கிண்ணத்தில் மிச்சமிருக்கும் சாம்பல் அசையவே இல்லை. மறுபடி ஊதுகிறார், இருமல் வந்து அவரை மேசைமேல் கவிழ்க்கிறது. “வேணும், நல்லா வேணும்! இந்தப் புகைய விட்டுத் தொலைங்கன்னு எத்தன தடவ தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?” அவள் வாய் ஓயாமல் திட்டுகிறது. கை மட்டும் அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது.