படித்துக் காட்டியவள்

“ரெண்டு பேரும் அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க.”

பெரியவள் சொன்னதும் அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “எதை வேணா கேளு, பெத்தவங்கள மன்னிப்புக் கேக்கச் சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“சொல்லுவேன். ஸ்கூல் கவுன்சலர் லெட்டர் அனுப்பியிருக்காங்க. உள்ள என்ன இருக்கும்னு பிரிக்காமலே தெரியும் எனக்கு.”

பத்தாவது படிக்கும் சின்னவளை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலை நாலரைக்குத் தொடங்கும் டைம்டேபிள் ஒட்டிய சுவரோரம், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்த அப்பா, பெயின்ட் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கவரைப் பிரித்தார்.

“ஸ்கூல் முத்திரை கீழ இருக்கு, தலைகீழா புடிச்சிருக்கீங்க,” என்றாள் அம்மா.

“நேரா புடிச்சா மட்டும் புரிஞ்சிடப்போகுதாக்கும்! இந்தா, வீட்டுக்கு ஒரே பட்டதாரி, நீயே படி.”

பெரியவள் வெடுக்கென்று வாங்கினாள். “கணக்குப் பேப்பரைக் கிழிச்சுத் தின்னுட்டாளாம். ஏன்னு கேட்டதுக்கு, மார்க்கைப் பார்த்தா...”

நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். பிறகு வந்த குரலில் பழைய வேகம் இல்லை.

“மார்க்கைப் பார்த்தா அம்மா அப்பா கொன்னுடுவாங்கன்னு அழுதாளாம். ரெண்டு மாசமா தூக்கமில்லையாம். அம்மா அப்பா செருப்புச் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிறாளாம்.”

“மார்க்கா? நான் எந்த மார்க்கைம்மா பார்த்தேன்? காட்டின இடத்துல கைநாட்டு வெச்சதோட சரி.”

ஆனாலும் அப்பா சின்னவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். “என் தொண்டையே பெருசு. அதுல பயந்துட்டே போல. தப்புதான் தங்கம்.” கை கூப்பினார்.

“நானும்தான்டி,” என்றாள் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு.

சின்னவள் ஒரே ஒரு நொடி பெரியவளை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பெரியவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. சுவரிலிருந்த டைம்டேபிளைப் பிய்த்துக் கசக்கினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“எங்கம்மா கெளம்பிட்ட?”

“கவுன்சலரைப் பார்க்க.”

“நாங்களும் வரோம். திட்டு வாங்க வேண்டியது நாங்கதானே?”

“வேணாம்ப்பா. என்னைத்தான் வரச் சொல்லியிருக்காங்க. திரும்பி வந்து லெட்டரை மறுபடி படிக்கிறேன். அப்ப சரியா படிக்கிறேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். கையிலிருந்த கடிதத்தில் ‘அம்மா அப்பா’ என்று எங்குமே இல்லை, இருந்ததெல்லாம் ‘அக்கா’.