மாட்டுக் கொம்பில் ஈ

"கம்புல கோளாறும்மா, தூரமே போகமாட்டேங்குது" என்று தனபாலன் தூண்டில் கம்பைக் கடை மேசைமேல் வைத்தார். அந்தக் கடையிலேயே விலை கூடிய கம்பு அது. போன ஞாயிறு ஓடைக்கரையில் நண்பர்கள் முன்னால் அவர் வீசிய வீச்சுக்கெல்லாம் தூண்டில் நரம்பு திரும்பி வந்து அவர் கழுத்தையே சுற்றிக்கொண்டது. அன்று கம்பைத் திட்டிய திட்டுக்குச் சாட்சியாக நண்பர் மோசஸையும் கூட்டி வந்திருந்தார்.

கடைக்காரி லில்லிபுஷ்பம் கம்பைக் கையில் எடுத்தாள். மீனை ஏமாற்ற இறகால் செய்த ஈ ஒன்றை, முள்ளில்லாததாகப் பார்த்து நரம்பின் நுனியில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "எங்க விழணும், சொல்லுங்க சார்."

தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. "அது கொம்புல" என்றார் தனபாலன், கிண்டலாக.

அவள் முழங்கை அசைந்ததா என்றுகூடத் தெரியவில்லை. நரம்பு ஒருமுறை பின்னால் போய் நிமிர்ந்தது, பிறகு தெருவைக் கடந்தது. ஈ கொம்பின் நுனியில் போய் உட்கார்ந்தது. மாடு அசைபோடுவதை நிறுத்தவில்லை.

"கம்பு நல்லாத்தான் இருக்கு" என்று அவள் அதை அவரிடம் நீட்டினாள். "நீங்க ஒருதடவை வீசுங்க, பாப்போம்."

தனபாலனின் காது மடல்கள் சுட்டன. கை நீளவில்லை. மோசஸ் அவசரமாகத் திரும்பி, எதிர்க்கடையின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். அந்த இரக்கத்தைத்தான் தனபாலனால் தாங்க முடியவில்லை.

"இதைவிட விலை கூடுனது இருக்கா?" என்று கேட்கும் தன் குரல் அவருக்குக் கேட்டது.