தம்பியின் புதுப் பற்கள்

கூடத்தில் நான், என் மனைவி, தம்பி, தம்பி மகள், பல் வைத்தியர் என ஐந்து பேர் இருக்கிறோம். தம்பியின் டிரம்பெட்டில் பட்ட காலை வெயில் சுவரில் மஞ்சள் வட்டமாக ஆடுகிறது. அப்போது ஆட்சியிலிருந்த தலைவரின் சீருடைப் படை கடைக்காரர்களை அடித்தபோது, அலறல் வெளியே கேட்காதபடி இவனை வாசிக்கச் சொன்னார்கள். மறுத்தான், முன்பற்கள் நான்கையும் உடைத்தார்கள். போன மாதம் அந்த ஆட்சி கவிழ்ந்தது. இன்று புதுப் பற்களோடு ஊதுகிறான். வெறும் காற்று வருகிறது.

"அப்பா, குக்கர்கூட இதைவிட நல்லா விசில் அடிக்கும்!"

"தம்பி, மெதுவா. பல்லு பறந்து வந்து வைத்தியர் மடியில விழப்போகுது," என்கிறாள் என் மனைவி.

சிரிப்பு அடங்குமுன் சுரம் சுத்தமாக எழுகிறது. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. வைத்தியர் எழுந்து நின்று கைதட்டுகிறார்.

எங்கள் வீட்டு மாடிப்படியில் உருண்டுதான் இவனுக்குப் பல் போயிற்று என்று அந்தத் தலைவரின் கட்சிக்காரர்கள் கிளப்பிய பேச்சு இன்னும் உலவுகிறது. எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.