பின்பெட்டிப் பாசி

முழங்கை வரை கையை உப்புத் தண்ணீரில் விட்டு, பாசியைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை.

மீன்தொட்டியின் பின்பெட்டி முழுக்க அடைத்துக்கொண்டு வளர்ந்திருந்தது. சிக்கு விழுந்த தூண்டில் நரம்பு போல, பச்சைப் பசேலென்று.

"கடைக்காரர் கிளம்பிட்டாராம்," என்றான் செல்வின். அவள் கணவன். கையில் போன்.

வண்ணமீன் கடைக்காரர் வருவது தொட்டியை எடுத்துப் போக. இரண்டு கோமாளி மீன்கள், கல், பவள மொட்டுகள், விளக்கு, எல்லாம் சேர்த்து. கூடத்து மூலையில் இருக்கும் அந்தக் கையகலக் கடல் போனால் அங்கே செருப்பு அலமாரி வரும். செல்வின் அளந்துகூடப் பார்த்துவிட்டான்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள்.

இந்தப் பாசி வருவதற்கு முன்னால் தொட்டி நாறுகிறது என்றார்கள். பொய் இல்லை. நாறத்தான் செய்தது. கண்ணாடியில் பழுப்புச் சளி படர்ந்தது. விரிந்து கிடந்த பவள மொட்டுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

ஏன் என்றும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மாமனார் மீனுக்குத் தீனி போடுவார். போட்டதை மறந்துபோவார். மறுபடி போடுவார். காபிக்கு முன்னால், காபிக்குப் பின்னால், ஜெபத்துக்கு நடுவில் எழுந்து வந்து. மீன்கள் முடிந்த மட்டும் தின்னும். மிச்சம் அடியில் கிடந்து அழுகும்.

"மீனுக்குப் போட்டாச்சா?" என்று இடையிடையே கேட்பார்.

"போட்டாச்சுப்பா," என்பான் செல்வின்.

உண்மைதான். ஆனால் அதைக் கேட்டதும் அவர் முகம் விழுந்துவிடும்.

கோயிலுக்குப் போனவர் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்ற அன்று ஸ்கூட்டர் சாவியை வாங்கி வைத்தார்கள். அப்புறம் கேஸ் லைட்டர். அப்புறம் பிளேடு. எல்லாவற்றுக்கும் நியாயம் இருந்தது. அவளும் தலையாட்டினாள்.

கடைசியில் தீனி டப்பா.

அதை பீரோ மேல் ஒளித்து வைத்தது அவளேதான்.

அன்று அவர் வீடு முழுக்கத் தேடினார். கிடைக்கவில்லை. தொட்டி அருகே வந்து நின்று, வெறும் விரல்களைத் தண்ணீருக்கு மேல் தேய்த்தார். மீன்கள் மேலே வந்தன. வாயைத் திறந்து திறந்து மூடின.

அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

நாற்காலி போட்டு ஏறி, டப்பாவை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். இனி இந்த மனுஷன் கையிலிருந்து யாரும் எதையும் பிடுங்கக் கூடாது.

தீனியைக் குறையுங்கள் என்றார் கடைக்காரர். அது முடிகிற காரியமென்றால் அவரிடம் ஏன் போகிறாள்? அவர் கடையின் பின்பக்கம் ஒரு வாளியில் இந்தப் பாசி கிடந்தது. கேட்டாள்.

"பாசியை ஒழிக்கத்தான் எல்லாரும் வருவாங்க. நீங்க கேட்டு வாங்குதீங்க," என்று சிரித்தபடி ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்.

அவள் படித்துவிட்டுத்தான் போயிருந்தாள். அழுகிய தீனி தண்ணீருக்கு உரம். உரம் இருந்தால் ஏதாவது ஒன்று வளரத்தான் செய்யும். கல்லில் சளியாக வளர்வதைப் பின்பெட்டியில் பாசியாக வளரவிட்டால் போதும். மேலே ஒரு விளக்கு. வளர வளரப் பிடுங்கி வெளியே போட வேண்டும். விட்டால் அதுவும் அழுகி, தின்றதையெல்லாம் தண்ணீரிலேயே கக்கிவிடும்.

போடட்டும். நினைத்தபோதெல்லாம் போடட்டும். தின்ன என் பாசி இருக்கிறது.

சளக்கென்று பெயர்ந்து வந்தது பாசி. பாதியை விட்டுவைத்தாள். மீதியை இரண்டு கையாலும் அள்ளினாள். தரையெல்லாம் ஈரம்.

ஜன்னலில் சோதனைக் குழாய் நின்றது. ஆரம்பத்தில் மருந்துச் சொட்டு விட்டபோது இதே தொட்டித் தண்ணீர் ரத்தச் சிவப்பாக மாறியது. இன்று மஞ்சள், உரம் தீர்ந்த தண்ணீர். செல்வின் பார்க்காமல் தப்பிக்கக் கூடாதென்று அவன் சார்ஜர் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

அவன் பார்த்தான்.

"சரி. அதுக்காக காலம்பூரா பாசி பிடுங்கிக்கிட்டே இருப்பியா?"

"இருப்பேன்."

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் கடைக்காரர். தோளில் ரப்பர் குழாய். கையில் மீன்களைக் கொண்டு போக ஒரு காலி வாளி.

அவள் அள்ளிய பாசியோடு நேரே போனாள். வாளிக்குள் போட்டாள். சொட்டச் சொட்ட, வாளி நிறைய.

"இதை எடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரமும் வாங்க."

கடைக்காரர் வாளியைப் பார்த்தார். பிறகு செல்வினைப் பார்த்தார்.

உள்ளே டப்பா மூடி திறக்கும் சத்தம்.

"எய்யா, மீனுக்குப் போட்டாச்சா?"

காபிக்கு முன்னாலும் போட்டிருந்தார். பின்னாலும் போட்டிருந்தார். இரண்டையும் செல்வின் பார்த்திருந்தான்.

அவள் வாசலை விட்டு நகரவில்லை. முழங்கையிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

செல்வின் தொண்டையைச் செருமினான்.

"இன்னும் இல்லப்பா."