அடுப்பேறாத கேக்

"எப்பாடு பட்டாவது அந்த மனுசனை இளக வைக்கவேணும், குணேஸ்!" என்றார் குலசிங்கம், குசினி வாசலில் நின்றபடி.

அந்த மனுசன் என்பது துறைமுகக் கந்தோரின் புதிய பெரியவர் பாக்கியரத்தினம். லண்டனில் படித்தவர். வந்து ஆறு மாதமாகியும் அவர் சிரித்ததைக் கண்டவர் இல்லை. கதிரையில் இருந்ததைக் கண்டவரும் இல்லை. நின்றபடியே பைல் பார்ப்பார், நின்றபடியே ஏசுவார். குலசிங்கத்தை மன்னாருக்கு மாற்றும் கடிதம் அவருடைய கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. குலசிங்கம் புது வீட்டுக்கு ஓடு போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"சனிக்கிழமை பின்னேரம் தேத்தண்ணிக்கு வரச் சொல்லியிருக்கிறன். ஓம் எண்டிட்டார்."

"வடை சுடட்டோ?" என்றாள் குணேஸ்வரி.

"லண்டனில படிச்ச மனுசனுக்கு வடையோ? இதைப் பார்."

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது நடந்த ஏலத்தில், குலசிங்கம் மூடியில்லாத ஒரு கேத்தலையும் ஒரு கட்டு இங்கிலீசுப் பெண்கள் சஞ்சிகைகளையும் எடுத்திருந்தார். அதில் ஒன்றை விரித்துக் காட்டினார். சதுரம் சதுரமாக, மேலே சிவப்பாக ஏதோ பலகாரம்.

"றூபாப் சீஸ்கேக். அடுப்பே மூட்டத் தேவையில்லை."

"அடுப்பு மூட்டாமல் சமையலோ? அதை நீங்கள் கலியாணம் கட்டின நாள் தொடக்கம் செய்யிறீங்கள்தானே."

குலசிங்கத்துக்கு இது காதில் விழவில்லை. விழாமல் பார்த்துக்கொள்வதில் அவருக்குப் பதினாறு வருட அனுபவம்.

"சீஸுக்கு எங்க போறது?"

"எருமைத் தயிரைத் துணியில கட்டித் தொங்கவிட்டால் சீஸ். குளிர வைக்க மீன்கார ஸஹாப்தீனிட்ட ஐஸ் சொல்லியிருக்கிறன்."

"இந்த றூபாப் எண்டால் என்ன?"

அது குலசிங்கத்துக்கும் தெரியாது. ஆனால் அவர் கந்தோரில் இங்கிலீசுக் கடிதம் எழுதுகிறவர்.

"அது ஒரு பெரிய இடத்துப் பழம். சொன்னாலும் உனக்கு விளங்காது. அகராதியில பார்."

குணேஸ்வரி அகராதியை எடுத்தாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மூடினாள்.

"கிண்ணியாவில அலியார் நானாட கடையில கிடைக்கும். கேக் இறுகிறதுக்குக் கடற்பாசியும் அங்கதான்."

அடுத்த நாளே தோணியேறிப் போய் இரண்டையும் வாங்கி வந்தாள்.

தயிர் குலசிங்கத்தின் கலியாண வேட்டியில் தொங்கியது. மாரி விசுக்கோத்தை அம்மியில் தூளாக்கி, வெண்ணெய் விட்டுப் பிசைந்து, தட்டில் பரப்பினாள். அதன் மேல் தயிரும் சீனியும் காய்ச்சிய கடற்பாசியும். கடற்பாசி காய்ச்ச அடுப்பு மூட்டவேண்டி வந்ததைக் குலசிங்கம் காணாதது போல் இருந்துகொண்டார். எல்லாவற்றுக்கும் மேலே, றூபாப்பைப் பீட்றூட் சாற்றில் குழைத்துத் தடவினாள். தட்டு ஐஸ் பெட்டிக்குள் ஒரு பாரைமீனுக்குப் பக்கத்தில் ஒரு நாள் இருந்து, மரியாதையாக இறுகியது.

குலசிங்கம் ஓரத்தில் கிள்ளப் போனார். கையில் அடி விழுந்தது.

"இது விருந்தாளிக்கு. நீங்கள் தொடப்படாது!"

சனிக்கிழமை பெரியவர் வந்தார். கதிரையைக் காட்டியும் நின்றபடியே சாப்பிட்டார்.

"றூபாப்போ?"

"ஓம் சேர்."

"லண்டனில வாற மணம் இல்லை," என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் அது அவருடைய வழக்கமான முகம்தான். குணேஸ்வரி வைக்க வைக்க நாலு துண்டு உள்ளே போனது. சிரிக்காமலே வந்தவர் சிரிக்காமலே போனார். அவர் படலையைத் தாண்டியதும் குலசிங்கம் ஒரு துண்டைக் களவாக வாயில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகலுக்கிடையில் குலசிங்கம் ஏழு தரம் கக்கூசுக்குப் போய்விட்டார். எட்டாம் தரம் போகும் வழியில், குப்பையில் ஒரு கடுதாசிச் சுருள் கிடந்தது. எடுத்து வாசித்தார். 'அலியார் மருந்துக் கடை, கிண்ணியா. ரேவற்சின்னித் தூள். பேதிக்கு.'

"குணேஸ்! இது பேதி மருந்தெல்லோ!"

"றூபாப் எண்டால் ரேவற்சின்னி எண்டுதானே அகராதியில கிடக்கு."

"ஐயோ, நான் ஒரு துண்டு! அவர் நாலு!"

மேலே கதைக்க அவருக்கு அவகாசம் இருக்கவில்லை. ஓடினார். மன்னாருக்கு எந்தப் பெட்டியைக் கொண்டுபோவது என்பதை உள்ளே இருந்துதான் யோசித்தார்.

திங்கட்கிழமை கந்தோரில் கால் வைத்ததும், "குலசிங்கம், உள்ள வாரும்!" என்று குரல் கேட்டது.

பெரியவர் கதிரையில் இருந்தார். சாய்ந்து, கால்மேல் கால் போட்டு இருந்தார். போதாததற்குச் சிரித்தார். அறை மாறி வந்துவிட்டோமோ என்று குலசிங்கம் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"லண்டனில நாலு வருசம் றூபாப் சாப்பிட்டனான், ஐசே. அதெல்லாம் றூபாப்பே இல்லை!" என்று சொல்லியபடி பெரியவர் மாற்றக் கடிதத்தை நாலாகக் கிழித்தார். "மிஸிஸிட்டச் சொல்லும், கிழமைக்கு ஒரு தட்டு வேணும்."

பின்னேரம் குலசிங்கம் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தார்.

"குணேஸ்! மன்னார் இல்லை! இங்கிலீசு தெரியாத உன்ர பிழையால தப்பினம்!"

"பிழையோ?" குணேஸ்வரி அகராதியைத் தூசி தட்டி அலுமாரியில் வைத்தாள். "அவற்ற பெண்சாதி போன மாசம் கோயிலடியில சொல்லி அழுதவ. ஆறு மாசமா மனுசனுக்கு வயிறு கல்லுப்போலயாம், இருக்கவும் ஏலாதாம், சிரிக்கவும் ஏலாதாம். நீங்கள்தானே சொன்னீங்கள், எப்பாடு பட்டாவது இளக வைக்கவேணும் எண்டு?"