இடப்பக்கம் சாய்ந்த பூ

“திருடி! வெட்கமா இல்ல உனக்கு?”

கத்திக்கொண்டே மூத்த மருமகள் கையை ஓங்கி ஒரே குத்தாகக் குத்தினாள். சாப்பாட்டு மேசையில் சிவப்பாகத் தெறித்தது. எதிரே உட்கார்ந்திருந்த இளைய மருமகள் பதறிப்போய் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள்.

தெறித்தது மைதான். குத்து வாங்கியது ஒரு வெள்ளை அட்டை. மூத்தவள் ரப்பர் அச்சைத் தூக்கியபோது அட்டையில் ஒரு சிவப்புப் பூ விழுந்திருந்தது.

“இது என் பூ. இது உன் பூ. நல்லா கண்ணைத் திறந்து பாரு!” என்று, இளையவள் செய்து வைத்திருந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைப் பிடுங்கி அதன் பக்கத்தில் அறைந்து வைத்தாள். இரண்டு பூவிலும் ஏழு இதழ்கள். இரண்டிலும் ஒரே ஒரு இதழ் மட்டும் நுனி மடங்கியிருந்தது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இருவருக்கும் ஏழாம் பொருத்தம். போதாததற்கு இருவருக்கும் கையால் வாழ்த்து அட்டை செய்கிற பைத்தியம் வேறு. தெருமுனைக் கடைக்காரம்மா, “ஒரு வீட்லேர்ந்து ஒருத்தரோட அட்டையத்தான் வாங்குவேன். இதுவரைக்கும் யாரும் பார்க்காத பூவா இருக்கணும்” என்று சொல்லிவிட்டார். அட்டையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய நாள் இன்று.

அதற்காக மூத்தவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, விரலில் பிளேடு கிழித்ததைக்கூடப் பார்க்காமல் ரப்பரைச் செதுக்கியிருந்தாள். அந்தப் பூ எந்தத் தோட்டத்திலும் பூக்காது, எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். அப்படியானால் இவளுக்கு மட்டும் எங்கிருந்து கிடைத்தது? நம் அறைக்குள் புகுந்துதான் எடுத்திருக்கிறாள். 

“என் ரூம்ல உனக்கு என்னடி வேலை?”

“உங்க ரூம்ல கால் வைக்க எனக்கு என்ன தலையெழுத்தா? மொதல்ல அந்தப் பூ எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க.”

மூத்தவள் பார்த்தாள். இளையவளின் பூ வலப்பக்கம் சாய்ந்திருந்தது. தன்னுடையது இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

“ஒரு பூவைப் பார்த்து, அதை அப்படியே ரப்பர்ல வரைஞ்சு செதுக்கினா, குத்தும்போது திரும்பித்தான் விழும். அச்சு செய்யறவங்களுக்கு இது அரிச்சுவடி.” இளையவள் இதழோரம் சிரித்தாள். “என் பூவைப் பார்த்து வரையற அவசரத்துல திருப்பிப் போட மறந்துட்டீங்களாக்கா? அப்போ யாரு திருடி?”

மூத்தவள் தன் ரப்பர் அச்சைத் திருப்பிப் பார்த்தாள். திருப்பிப் போட மறந்தது உண்மைதான். ஆனால் இவளிடமிருந்து எடுக்கவில்லை என்பதும் சத்தியமான உண்மை. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

“வாயை மூடுடி! தட்டு கழுவத் துப்பில்ல, பேச வந்துட்டா!”

“ஆமா, நீங்க அப்படியே கழுவிக் கிழிச்சிட்டீங்க!”

தொட்டியில் பாத்திரம் மலையாகக் கிடந்தது. போன மாதம் மாமியாரின் பீரோவை யாரோ திறந்து கலைத்துவிட்டார்கள். ஒரு பொருளும் தொலையவில்லை, ஆனாலும் மாமியார் ஆடிப்போய்விட்டார். எப்போதும் இடுப்பில் இருக்கிற சாவி, அவர் குளிக்கப் போகிற நேரத்தில் மட்டும்தான் சுவர் அலமாரித் தட்டுக்கு வரும். எதிலுமே ஒத்துப்போகாத மருமகள்கள் இருவரும் அன்று ஒரே குரலில், “சமையல்காரம்மாதான் அத்தை, நாங்க கண்ணால பார்த்தோம்” என்றார்கள். பத்து வருஷமாகச் சமைத்துப் போட்ட அந்த அம்மாள் அழுதுகொண்டே போனாள். அன்றிலிருந்து சமையலறையில் தினமும் சண்டைதான்.

“என்ன சத்தம் இங்க?”

மாமியார் வாசற்படியில் நின்றிருந்தார்.

“இவ என் பூவைத் திருடிட்டா அத்தை!”

“அவங்கதான் என்னோடதைத் திருடியிருக்காங்க அத்தை! நீங்களே பார்த்துச் சொல்லுங்க!”

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்து, மடங்கிய அந்த இதழை விரலால் தடவிப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மாறியது.

“வலப்பக்கம் சாயறதுதான் சரி” என்றார்.

“அப்படிச் சொல்லுங்க அத்தை!” இளையவள் துள்ளி எழுந்தாள். “உண்மை எப்படி வெளிய வந்துச்சு பார்த்தீங்களாக்கா?”

“அவளைத்தான் எப்பவும் தூக்கி வெச்சுப் பேசுவீங்க. என்னைப் பார்த்தா மட்டும் உங்களுக்கு இளக்காரம்!” மூத்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

மாமியார் அட்டைகளைக் கீழே வைத்தார். இடுப்புச் சாவியை உருவிக்கொண்டு உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. இளையவளின் சிரிப்பு அப்படியே நின்றது. மூத்தவள் ரப்பர் அச்சை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

திரும்பி வந்தவர், மடித்து வைத்த பழைய வெள்ளை மேசைவிரிப்பு ஒன்றை மை படாத மூலையில் விரித்தார். நடுவில் சிவப்பு நூலில் ஒரு பூ. ஏழு இதழ்கள், ஒன்று நுனி மடங்கி, வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

“கல்யாணத்துக்கு முன்னாடி நானே மனசுல நினைச்சுத் தைச்ச பூ. மடிப்பு கலைஞ்சிடும்னு பீரோவை விட்டு நான் இதை வெளிய எடுத்ததே இல்ல.”

மருமகள்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்கள்.

மாமியார் விரிப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“அப்போ அந்தச் சமையல்காரம்மாவை எதுக்குடி துரத்த வெச்சீங்க?”